ஒன்வெப்: திவாலாகி எழுந்த செயற்கைக்கோள் இணையம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கைக்கோள் இணையம் என்றாலே ஸ்டார்லிங்க் பற்றித்தான் பேச்சு. அதற்கு அடுத்தபடியாகத் தாழ்வான சுற்றுப்பாதையில் பெரிய வலைப்பின்னலை நிறுவிய ஒன்வெப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. அதன் கதையோ ஒரு தொடர்கதைக்குப் போதுமான திருப்பங்கள் கொண்டது. வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

ஒன்வெப் என்னதான் செய்கிறது?

பூமிக்கு மேலே 1,200 கி.மீ. உயரத்தில் 600-க்கும் மேற்பட்ட சிறு செயற்கைக்கோள்களை ஓடவிட்டு, ஃபைபர் கேபிள் எட்டாத இடங்களுக்கு இணைய இணைப்பு தருகிறது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த இந்த நிறுவனம், 2023 செப்டம்பரில் பிரான்சின் செயற்கைக்கோள் நிறுவனமான யூடெல்சாட்டுடன் இணைந்தது. வீட்டுக்கு வீடு டிஷ் விற்பது இதன் தொழில் இல்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கப்பல் மற்றும் விமானச் சேவையாளர்கள், அரசுகள் ஆகியோருக்கு மொத்தமாக விற்கிறது. பெயர் வெளியே அவ்வளவாகத் தெரியாததற்கு அதுதான் காரணம்.

இது யாருடைய யோசனை?

கிரெக் வைலர் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோருடையது. 2000-களின் தொடக்கத்தில் அவர் ருவாண்டாவில் ஃபைபரும் மொபைல் சேவையும் கொண்டுவரும் தொழிலில் இறங்கியிருந்தார். ஊருக்குள் கேபிள் போட்டுவிடலாம். ஆனால் கடற்கரை இல்லாத அந்த நாடு வெளியுலக இணையத்தோடு சேர, தொலைதூரத்துச் செயற்கைக்கோள்களை நம்ப வேண்டியிருந்தது. விலையும் அதிகம், வேகமும் மந்தம். அந்த அனுபவத்திலிருந்து 2007-இல் ஓ3பி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 8,000 கி.மீ. உயரத்தில் சுற்றுபவை, முதல் தொகுப்பு 2013-இல் ஏவப்பட்டது. பசிபிக் நடுவே கிடக்கும் குக் தீவுகள் அதன் தொடக்ககால வாடிக்கையாளர்களில் ஒன்று. பிற்பாடு ஓ3பி முழுவதும் எஸ்இஎஸ் என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் கைக்குப் போனது.

இன்னும் தாழ்வாக, இன்னும் அதிகமாக என்ற அடுத்த யோசனை 2012-இல் வேர்ல்ட்வூ என்ற பெயரில் பிறந்தது. பிறகு ஒன்வெப் ஆனது. இங்கே பலரும் கவனிக்காமல் விடும் ஒரு சங்கதி, அலைக்கற்றை. வானிலிருந்து பேச எந்த அலைவரிசையை யார் பயன்படுத்தலாம் என்பதைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் பதிய வேண்டும். முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை. ஸ்கைபிரிட்ஜ் என்ற பழைய திட்டம் பதிந்து வைத்திருந்த உரிமை வைலரின் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. ஸ்கைபிரிட்ஜும் ஒரு செயற்கைக்கோளைக்கூட ஏவாமல் மூடப்பட்ட திட்டம்தான். என் கணிப்பில் ஒன்வெப்பின் மிகப் பெரிய சொத்து இந்தப் பதிவுதான். செயற்கைக்கோளைக் காசு கொடுத்துக் கட்டிக்கொள்ளலாம், ராக்கெட்டையும் வாடகைக்குப் பிடிக்கலாம். கைவிட்டுப் போன முன்னுரிமையைத் திரும்பப் பிடிக்க வழியில்லை. நிறுவனம் திவாலானபோதும் வாங்க ஆள் வந்ததற்கு இது முக்கியக் காரணம்.

வானத்தில் ஏற்கெனவே செயற்கைக்கோள்கள் இருந்தனவே. புதிதாக நூற்றுக்கணக்கில் எதற்கு?

டிவி டிஷ் பார்க்கும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும். டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். மூன்று செயற்கைக்கோள் இருந்தாலே உலகின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டால், கோரிக்கை மேலே போய்க் கீழே வந்து, பதிலும் மேலே போய்க் கீழே வர வேண்டும். மொத்தம் 1,43,000 கி.மீ. ஒளியின் வேகத்தில் போனாலும் ஏறத்தாழ அரை விநாடி. நடைமுறையில் 600 மில்லிவிநாடிக்கும் மேல் ஆகிவிடும். ஒரு படம் பார்க்க இது பரவாயில்லை. வீடியோவில் மருத்துவரிடம் பேசும்போது இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி தொடங்கி... அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 1,200 கி.மீ. உயரத்தில் அதே போக்குவரத்து 4,800 கி.மீ.தான். பயண நேரம் 16 மில்லிவிநாடி. தரைவழிப் பயணம், செயலாக்கம் எல்லாம் சேர்த்து 70 மில்லிவிநாடியை ஒட்டி நிற்கிறது.

துருவங்களை நெருங்கினால் இன்னொரு தொல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள், வடக்கே போகப் போகத் தொடுவானத்தை நோக்கி இறங்கிக்கொண்டே வரும். வட அலாஸ்காவில் டிஷ்ஷை ஏறக்குறையத் தரைக்கு இணையாகத் திருப்ப வேண்டும், ஒரு குன்று குறுக்கே நின்றால் முடிந்தது கதை. 81 டிகிரி அட்சரேகையைத் தாண்டினால் அது கண்ணிலேயே படாது. ஒன்வெப்பின் செயற்கைக்கோள்களோ வடக்கு தெற்காக, துருவங்களை ஒட்டிச் சுற்றுபவை. 12 பாதைகள், எல்லாம் துருவத்தருகே நெருங்கி வருவதால் அங்கேதான் கூட்டம் அதிகம். ஆகவே நிறுவனத்தின் சேவை முதலில் தொடங்கியதே 50 டிகிரி வடக்குக்கு மேல்தான். மற்ற எல்லாத் தொழில்நுட்பங்களுக்கும் கடைசி ஊராக இருந்தவை இதற்கு முதல் ஊராகிவிட்டன.

அப்படியானால் தாழ்வாகப் பறப்பதில் விலை எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் 109 நிமிடத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். உங்கள் தலைக்கு மேல் சில நிமிடமே இருக்கும். ஒன்று போகும்போது இன்னொன்று வந்தாக வேண்டும். நூற்றுக்கணக்கில் தேவைப்படுவது அதனால்தான். முக்கால்வாசி வலைப்பின்னல் தயாரான நிலையில் உலகம் முழுக்கத் தடையற்ற சேவை விற்கவும் முடியாது.

இதற்கு முன் யாரும் முயலவில்லையா?

முயன்றவர்கள் எல்லாரும் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பில் கேட்ஸ் பணம் போட்ட டெலிடெசிக் 840 செயற்கைக்கோள்களில் தொடங்கி, திட்டத்தை 288 ஆகச் சுருக்கி, 2002-இல் நின்றுபோனது. செயற்கைக்கோள் தொலைபேசிக்காக சுமார் 500 கோடி டாலர் செலவில் உருவான இரிடியம், சேவை தொடங்கி ஓராண்டு ஆகும் முன்பே, 1999 ஆகஸ்டில் திவாலானது. அதைச் சுமார் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். குளோபல்ஸ்டாரும் 2002-இல் அதே வழியில் போனது. இரிடியமும் குளோபல்ஸ்டாரும் இன்றும் இயங்குகின்றன. முதலில் பணம் போட்டவர்கள் இழக்க, அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள் நடத்துவது இந்தத் தொழிலில் ஏறத்தாழ வழக்கம் என்றே சொல்லலாம்.

ஒன்வெப்பும் திவாலானதே. எப்படி?

தொடக்கத்தில் பெரிய பெயர்கள் வரிசையில் நின்றன. 2015 ஜூனில் 50 கோடி டாலர் திரட்டியபோது ஏர்பஸ், பாரதி, குவால்காம், கோகோ கோலா, வர்ஜின் எல்லாரும் இருந்தார்கள். 2016 டிசம்பரில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 100 கோடி டாலருடன் வந்தது. ஏர்பஸ்ஸுடன் கூட்டாக, ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை எழுந்தது. அதுவரை செயற்கைக்கோள் என்றால் ஒன்றைக் கட்ட மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஆகும். இங்கே கார் தொழிற்சாலையைப் போல் வரிசையில் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு வரை தயாரிக்கத் திட்டமிட்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ.

2019 பிப்ரவரி 27 அன்று ஃபிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல் 6 ஏவப்பட்டன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 34, மார்ச் 21-இல் மேலும் 34. ஆக 74. சரியாக ஆறு நாள் கழித்து, 2020 மார்ச் 27 அன்று, நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரியது. அதற்குள் 300 கோடி டாலருக்கும் மேல் திரட்டிச் செலவழித்திருந்தார்கள். கொரோனா சந்தையை உலுக்கிய நேரம்; சாஃப்ட்பேங்க் கையை விரித்தது; வேறு யாரும் வரவில்லை.

கொரோனாவை மட்டும் குறை சொல்வது சரியாகப் படவில்லை. 74 செயற்கைக்கோள்களால் எந்த ஊருக்கும் நாள் முழுக்க இணைப்பு தர முடியாது. அதாவது போதுமான செயற்கைக்கோள்கள் ஏறும்வரை செலவு மட்டும்தான். ஸ்டார்லிங்கை நடத்தும் போட்டியாளர் ஸ்பேஸ்எக்ஸிடம் சொந்த ராக்கெட் இருந்தது, அதையே திரும்பத் திரும்பப் பறக்கவிட்டது. ஒன்வெப் ஒவ்வொரு முறையும் ராக்கெட்டுக்குப் பணம் கட்டியது.

பிரிட்டிஷ் அரசு எதற்காக வாங்கியது?

2020 ஜூலையில் நடந்த ஏலத்தில் பிரிட்டிஷ் அரசும் பாரதி குழுமமும் தலா 50 கோடி டாலர் போட்டு நிறுவனத்தை எடுத்தன. பிரெக்சிட்டுக்குப் பின் ஜிபிஎஸ் போன்ற, ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டி அமைப்பிலிருந்து பிரிட்டன் வெளியேறியிருந்தது. அதற்கு மாற்றாக இதை வாங்குகிறார்கள் என்று பேச்சு எழ, வழிகாட்டலுக்கு ஏற்ற செயற்கைக்கோள்களே இவை இல்லை என்று நிபுணர்கள் கேலி செய்தார்கள். சம்பந்தப்பட்ட துறையின் மூத்த அதிகாரியே, மக்கள் பணத்துக்கு இது தகுந்த முதலீடா என்ற கவலையில் அமைச்சரின் எழுத்துபூர்வ உத்தரவைக் கேட்டு வாங்கிய பிறகுதான் பணத்தை விடுவித்தார். பாரதியின் கணக்கு வேறு, எளிமையானது. பல நாடுகளில் மொபைல் சேவை நடத்தும் குழுமத்துக்கு டவர் எட்டாத இடங்கள் எங்கெங்கே என்று நன்றாகவே தெரியும்.

2020 டிசம்பரில் ஏவுதல் மறுபடி தொடங்கியது. அடுத்த மாதமே சாஃப்ட்பேங்க் மீண்டும் பணத்துடன் வந்தது. முதலீட்டாளர்களுக்கு ரோஷம் பார்க்கும் பழக்கம் கிடையாது.

ரஷ்யாவில் மாட்டிக்கொண்ட 36 செயற்கைக்கோள்கள்?

அப்போது ஒன்வெப்பை ஏற்றிச் சென்றது ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட். 2022 மார்ச் முதல் வாரத்தில் கஜகஸ்தானின் பைக்கனூரில் 36 செயற்கைக்கோள்களுடன் ராக்கெட் தயாராக நின்றது. உக்ரைன் போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. ராணுவப் பயன்பாடு இல்லை என்று உத்தரவாதம் கொடுக்க வேண்டும், பிரிட்டிஷ் அரசு பங்குகளை விட்டு வெளியேற வேண்டும் என்று ரஷ்ய விண்வெளி அமைப்பு நிபந்தனை போட்டது. ராக்கெட்டின் மேலுறையில் வரைந்திருந்த அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் கொடிகளை ஊழியர்கள் மறைக்கும் வீடியோவையும் வெளியிட்டார்கள். இந்தியக் கொடியை மட்டும் விட்டுவைத்தார்கள்.

நிறுவனம் பணியவில்லை, பைக்கனூரிலிருந்து எல்லா ஏவுதல்களையும் நிறுத்தியது. செயற்கைக்கோள்கள் அங்கேயே தங்கிவிட, சுமார் 22.9 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் எழுதியது.

அதற்குப் பிறகு யார் ஏற்றியது?

முதலில் உதவிக்கு வந்தது யார் தெரியுமா? நேரடிப் போட்டியாளரான ஸ்பேஸ்எக்ஸ். அதே மார்ச் மாதத்திலேயே ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்தது இஸ்ரோவின் வணிகப் பிரிவான நியூஸ்பேஸ் இந்தியா.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்3 ராக்கெட் இரண்டு முறை தலா 36 செயற்கைக்கோள்களைச் சுமந்தது: 2022 அக்டோபர் 23 நள்ளிரவு கடந்து 12.07 மணிக்கு ஒருமுறை, 2023 மார்ச் 26 காலை 9 மணிக்கு இன்னொருமுறை. முதல் முறை எல்விஎம்3 முழுக்க வணிகப் பணியில் ஈடுபட்ட முதல் பயணம்; சுமை சுமார் 5.8 டன். 36 பொருட்களை ஒன்றோடொன்று மோதாமல் இறக்கிவிடுவதுதான் அதில் நுணுக்கமான வேலை. ராக்கெட்டின் கிரையோஜெனிக் (மிகக் குளிர்ந்த எரிபொருளில் இயங்கும்) மேல்நிலை சிறு உந்துகலன்களால் தன் திசையை மாற்றி மாற்றி, நான்கு நான்காக ஒன்பது தவணைகளில் அவற்றை விடுவித்தது. இறக்கிவிட்டது சுமார் 600 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து 1,200 கி.மீ.க்கு ஒவ்வொன்றும் தன் மின் உந்துவிசையால் மெதுவாக ஏறிக்கொண்டன.

அந்த இரண்டாவது ஏவுதலோடு எண்ணிக்கை 618 ஆனது. உலகம் முழுவதும் சேவை தரத் தேவையானது 588; மீதி உதிரி. திட்டமிட்ட முதல் தலைமுறை வலைப்பின்னல் அன்றோடு நிறைவடைந்தது.

சரி, ஒரு தொலைதூரக் கிராமத்துக்கு இணையம் எந்த வழியாக வந்து சேர்கிறது?

கைபேசியிலிருந்து தொடங்குவோம். ஊர்க்காரர் ஒருவர் எப்போதும்போல ஊரிலுள்ள மொபைல் டவரோடோ பள்ளிக்கூடத்து வைஃபையோடோ இணைகிறார். அந்த டவரிலிருந்து வெளியுலகுக்கு ஃபைபர் இல்லை. அந்த இடத்தில்தான் ஒன்வெப் வருகிறது. டவரின் அடியில் நிறுவிய ஆன்டெனா, கேயூ (Ku) என்ற அலைவரிசையில் மேலே உள்ள செயற்கைக்கோளோடு பேசுகிறது. செயற்கைக்கோள் அதைக் கேஏ (Ka) என்ற வேறொரு அலைவரிசையில் கீழே உள்ள தரைநிலையத்துக்கு இறக்குகிறது. தரைநிலையத்துக்கு ஃபைபர் உண்டு. அங்கிருந்து வழக்கமான இணையம்.

முதல் தலைமுறைச் செயற்கைக்கோள் தரவைப் பிரித்துப் படிப்பதில்லை. வந்ததை அலைவரிசை மாற்றிப் பெருக்கி அனுப்பும், அவ்வளவுதான். அதன் சிக்னல் கீழே படரும் பரப்பு, பக்கத்துக்குச் சுமார் 1,000 கி.மீ. உள்ள சதுரம், அதைக் கிழக்கு மேற்காக நீண்ட 16 பட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் ஓடிக்கொண்டிருப்பதால் ஒரு பட்டை உங்கள் ஊரைப் பத்துப் பன்னிரண்டு விநாடியில் கடந்துவிடும். 16 பட்டையும் கடக்க மூன்று நிமிடம். பிறகு அடுத்த செயற்கைக்கோள். இத்தனை கைமாற்றமும் பேச்சு அறுபடாமல் நடக்க வேண்டும்.

இதற்குத் தொடக்கத்தில் வந்த ஆன்டெனாக்கள் இரட்டை டிஷ் கொண்டவை. ஒன்று மறையப்போகும் செயற்கைக்கோளைப் பின்தொடரும்போதே மற்றொன்று அடுத்ததைப் பிடித்துத் தயாராக இருக்கும். பிற்பாடு அசையும் பாகமே இல்லாத தட்டையான ஆன்டெனாக்கள் வந்தன. மின்னணு முறையிலேயே கற்றையைத் திருப்புகின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத, பனி கொட்டும் இடங்களில் மோட்டார் பழுதானால் போய்ச் சரிசெய்ய ஹெலிகாப்டர் தேவைப்படலாம். அங்கே தட்டை ஆன்டெனாவின் அருமை புரியும்.

நிலநடுக்கோட்டை நெருங்கும்போது இன்னொரு வித்தையும் உண்டு. அங்கே பழைய டிவி செயற்கைக்கோள்களின் சிக்னலில் குறுக்கிடக் கூடாது என்பது விதி. எனவே ஒன்வெப் செயற்கைக்கோள்கள் உடலைச் சற்றே சாய்த்துக்கொண்டும், சில பட்டைகளை அணைத்துக்கொண்டும் கடக்கின்றன.

வேகம் எவ்வளவு கிடைக்கும்? ஊர் முழுவதற்கும் போதுமா?

ஒரு ஆன்டெனாவுக்கு விநாடிக்கு இறக்கத்தில் (டவுன்லோடு) சுமார் 195 மெகாபிட், ஏற்றத்தில் (அப்லோடு) 30-ஐ ஒட்டி என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. அது உச்ச வேகம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 வீடுள்ள ஊரில் மாலையில் 50 வீட்டில் தெளிவான வீடியோ ஓடினால், வீட்டுக்கு 5 மெகாபிட் வீதம் 250 மெகாபிட் தேவை. ஒரு ஆன்டெனா போதாது. இரண்டு மூன்று வைக்கலாம், செலவு கூடும். அதனால்தான் பல இடங்களில் பள்ளி, மருத்துவமனை, வங்கிச் சேவை ஆகியவற்றுக்கு முன்னுரிமை கொடுத்து, அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களை உள்ளூர் சேமிப்பில் வைத்துக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் காட்டும் எண்ணைவிட, ஒப்பந்தத்தில் எழுதித் தரும் உத்தரவாத வேகத்தைப் பாருங்கள்.

மழை பெய்தால் நின்றுவிடுமா?

கனமழையில் சிக்னல் பலவீனமாகும், வேகம் குறையும். சாதாரண மழைக்கு ஒன்றும் ஆகாது. மரக்கிளையும் மலைச்சரிவும் மழையைவிடப் பெரிய எதிரிகள், ஏனென்றால் செயற்கைக்கோள் வானம் முழுக்க நகர்ந்துகொண்டிருக்கிறது.

நிஜத்தில் எங்கெல்லாம் பயன்படுகிறது?

அலாஸ்காவின் யூகான்–கஸ்கோக்விம் டெல்டாவில், சாலையே இல்லாத பழங்குடிக் கிராமங்களுக்கு வந்த முதல் நல்ல இணைய இணைப்புகளில் ஒன்வெப்பும் ஒன்று. இங்கிலாந்துக் கரையிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளியிருக்கும் லண்டி என்ற சிறு தீவில் பிரிட்டிஷ் டெலிகாம் இதைச் சோதித்தது. விமானங்களிலும் இருக்கிறது: ஏர் கனடாவின் சிறு விமானங்கள் சிலவற்றில் பயணிகளுக்கான வைஃபை இதன் வழியே போகிறது.

ஃபைபர் இருக்கும் இடத்திலும் தேவைப்படலாம். 2023 ஜூனில் வட அலாஸ்காவின் கடலடிக் கேபிளைக் கடல் பனிக்கட்டி அறுத்தது. உறைந்த கடலில் பழுதுபார்க்கும் கப்பல் உடனே போக முடியவில்லை. சரிசெய்யச் செப்டம்பர் ஆயிற்று. நோம், கோட்செபு போன்ற ஊர்கள் அதுவரை மைக்ரோவேவ், செயற்கைக்கோள் இணைப்புகளை வைத்துத்தான் சமாளித்தன. இப்படியான மாற்று இணைப்புக்கென்றே வாங்கி வைப்பவர்கள் உண்டு.

அப்புறம் ராணுவமும் அரசுகளும். சமூகத் தொண்டு பேசும் விளம்பரப் படங்களில் வராது; வருமானத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. 2025-இல் உக்ரைனுக்கு ஜெர்மனியின் நிதியில் யூடெல்சாட் இணைப்பு தந்துகொண்டிருந்ததை அதன் அன்றைய தலைவரே சொன்னார்.

நடுக்கடலில் வேலை செய்யுமா?

இங்கேதான் ஒன்வெப்பின் பெரிய குறை. இதன் செயற்கைக்கோள்கள் தமக்குள் பேசிக்கொள்வதில்லை. உங்களையும் ஒரு தரைநிலையத்தையும் ஒரே செயற்கைக்கோள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். எந்தத் தரைநிலையமும் எட்டாத பெருங்கடல் பகுதியில், தலைக்கு மேல் செயற்கைக்கோள் இருந்தும் பயனில்லை. ஸ்டார்லிங்க் 2021-லிருந்து லேசர் இணைப்பு கொண்ட செயற்கைக்கோள்களை அனுப்பி, தரவை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துகிறது. 2022-இல் அண்டார்டிகாவின் மெக்மர்டோ ஆய்வு நிலையத்துக்கு இணைப்பு போனது அப்படித்தான்.

ஒன்வெப்போ உலகம் முழுக்க நாற்பதை ஒட்டிய தரைநிலையங்களைக் கட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நிலம், ஃபைபர், மின்சாரம், அந்த நாட்டின் அனுமதி. வானத்து வேலை 2023 மார்ச்சிலேயே முடிந்தும் உலகளாவிய சேவை தாமதமானது தரைநிலையங்களால்தான். மறுபக்கமும் உண்டு: தன் குடிமக்களின் தரவு தன் மண்ணில்தான் இறங்க வேண்டும் என்று விரும்பும் அரசுகளுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

ஸ்டார்லிங்க் ஏன் இவ்வளவு தூரம் முந்திவிட்டது?

சொந்த ராக்கெட், சொந்தத் தொழிற்சாலை, நேரடி விற்பனை. ஒன்வெப் இதுவரை ஏவியது 650-ஐ ஒட்டி. ஸ்டார்லிங்க்கிடம் பல ஆயிரம் இருக்கின்றன. அதன் சந்தாதாரர்கள் 2025 டிசம்பரில் 90 லட்சத்தைத் தாண்டியதாக அந்த நிறுவனம் அறிவித்தது. தனி வீட்டுக்கு இணைப்பு வேண்டுமென்றால் இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒன்வெப் அந்தக் கடையையே திறக்கவில்லை. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பார்வையில் கணக்கு மாறும். ஸ்டார்லிங்க் அவர்களுடைய வாடிக்கையாளரை நேரடியாகப் பிடிக்கிறது. ஒன்வெப் அவர்கள் மூலமாக மட்டுமே விற்கிறது.

2024 கடைசி நாளில் எல்லாம் நின்றுபோனதாமே?

ஆம். டிசம்பர் 31 அன்று தொடங்கிய தடங்கல் முழுதாகச் சீராக இரண்டு நாள் ஆயிற்று. செயற்கைக்கோள்களில் எந்தப் பழுதும் இல்லை. தரைப்பகுதியின் மென்பொருள், 2024 லீப் ஆண்டு என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆண்டின் 366-வது நாளைப் பார்த்ததும் திணறிவிட்டது. கோடிக்கணக்கான டாலர் அமைப்பு நாட்காட்டியில் தடுக்கி விழுந்ததைப் படித்தபோது சிரிப்பு வரத்தான் செய்தது. அதை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

விண்வெளிக் குப்பை ஆகாதா?

550 கி.மீ. உயரத்தில் பழுதாகும் செயற்கைக்கோளைக் காற்றின் மெல்லிய உராய்வு சில ஆண்டுகளில் கீழே இழுத்து எரித்துவிடும். 1,200 கி.மீ.யில் அந்த உதவி கிடையாது. பல நூற்றாண்டுகள் அங்கேயே சுற்றும். அதனால் ஆயுள் முடியும் முன்பே எரிபொருளை ஒதுக்கி வைத்துக் கீழே இறக்க வேண்டும். இறக்க முடியாமல் போனால் வேறொரு விண்கலம் வந்து பற்றி இழுக்கப் பிடிமானம் ஒன்றையும் பொருத்தியிருக்கிறார்கள். பிடிக்க வரும் விண்கலத்தை ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் உருவாக்கிவருகிறது. வானியலாளர்களுக்கு வேறு கவலை: உயரம் அதிகம் என்பதால் இவை கோடை இரவுகளில் நெடுநேரம் வெயில் பட்டுத் தொலைநோக்கிகளுக்குள் தென்படுகின்றன.

இப்போது யார் கையில் இருக்கிறது? அடுத்து என்ன?

யூடெல்சாட் கையில். 2025-இல் அந்த நிறுவனம் புதிய மூலதனம் திரட்டியபோது பிரெஞ்சு அரசு ஏறத்தாழ 30 சதவீதத்துடன் மிகப் பெரிய பங்குதாரர் ஆனது. பாரதியும் பிரிட்டிஷ் அரசும் தொடர்கின்றன. அமெரிக்க நிறுவனம் ஒன்றை மட்டும் நம்பியிருக்கலாமா என்று ஐரோப்பா யோசிக்கத் தொடங்கிய பிறகு, ஒருகாலத்தில் திவாலான நிறுவனத்துக்கு மவுசு வந்துவிட்டது. முதல் தலைமுறை வயதாகிவருவதால் 2024 டிசம்பரில் ஏர்பஸ்ஸிடம் 100 புதிய செயற்கைக்கோள்களுக்கு முதல் ஆர்டர் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐரிஸ் ஸ்கொயர் என்ற 290 செயற்கைக்கோள் திட்டத்திலும் யூடெல்சாட் ஒரு பங்காளி.

ஒரு தொலைதூர ஊருக்கோ நிறுவனத்துக்கோ இணைப்பு வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

அந்த நாட்டில் சேவை உரிமமும் எட்டக்கூடிய தூரத்தில் தரைநிலையமும் இருக்கின்றனவா என்பது முதல் கேள்வி. இல்லையென்றால் மற்றதைக் கேட்டுப் பயனில்லை. அடுத்து உத்தரவாத வேகம், மாத வரம்பு, தடங்கலுக்கு இழப்பீடு உண்டா. ஆன்டெனா வைக்கும் இடத்திலிருந்து வானம் எல்லாத் திசையிலும் திறந்திருக்கிறதா என்று நேரில் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் பேட்டரி வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடலாம். பல ஊர்களில் இணைப்பு அறுவது மின்சாரத்தால்தான், செயற்கைக்கோளால் இல்லை. கடைசியாக, ஆன்டெனா பழுதானால் மாற்று எங்கிருந்து, எத்தனை நாளில் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.